காபிப் பொட்டலத்தின் மேல் தவளை முத்திரை
(வணிகர்களுக்கு ஒரு பாடம்)



சென்ற மாதம் மளிகைக் கடைக்காரர் ஒருவர் எங்கள் மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்தார். சீட்டில் எழுதியிருந்தவற்றை எல்லாம் எடுத்து வைத்த பிறகும் கிளம்பாமல் நின்றார். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எங்க தெருவுக்குப் புதுசா குடிவந்த ஒரு அம்மா, தவளைப் படம் போட்ட காபி இருக்கான்னு கேட்டாங்க. தவளைக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியலை. இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம் யோசிச்சேன். நம்ம கொட்டையும் மலையிலே விளைஞ்சதுதானே? நம்ம பாக்கெட்டிலேயும் அப்படி ஒரு படம் போட்டுக்கிட்டா என்ன?" என்றார்.

அவர் கேட்டதில் முதல் பாதி நியாயமான சந்தேகம். இரண்டாம் பாதி ஆபத்தானது. இரண்டுக்கும் சேர்த்து விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போது பெரிய அங்காடிகளில் மட்டுமல்லாமல் நம் அலமாரிகளுக்கும் முத்திரை போட்ட காபிப் பொட்டலங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவை என்ன சொல்கின்றன என்று தெரியாமல் விற்றால், சொல்லாததையும் நாம் சொல்லி விற்றுவிடுவோம்.

அக்மார்க்கும் இந்த முத்திரைகளும்

அக்மார்க் முத்திரை நமக்குப் பழக்கமானது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. நெய், தேன், மிளகாய்த்தூள் இவற்றின் தரத்தைச் சொல்லும். டப்பாவைத் திறந்து சோதனைச்சாலைக்கு அனுப்பினால் அந்த முத்திரை உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும்.

காபியில் வரும் புதிய முத்திரைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. விளைவித்தவருக்கு என்ன விலை கிடைத்தது, தோட்டத்தில் குழந்தைகளை வேலைக்கு வைத்தார்களா, காட்டை அழித்து நட்டார்களா, என்ன மருந்து அடித்தார்கள் என்பன போன்ற கேள்விகளுக்கு அவை பதில் சொல்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றைக் கொட்டையை முகர்ந்தோ, வறுத்தோ, குடித்தோ கண்டுபிடிக்க முடியாது. நியாய விலை பெற்ற விவசாயியின் கொட்டையும் ஏமாற்றப்பட்ட விவசாயியின் கொட்டையும் ஒரே மணம்தான் மணக்கும். ஆகவே இந்த முத்திரைகளின் உயிர் தோட்டத் தணிக்கையிலும் கணக்குப் புத்தகத்திலும் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

எப்படிப் பிறந்தன?

1962-இல் சர்வதேச காபி ஒப்பந்தம் ஒன்று உருவாயிற்று. விளைவிக்கும் நாடுகள் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று ஒதுக்கீடு செய்து, விலை மிகவும் சரியாமல் பார்த்துக்கொண்டார்கள். 1989 ஜூலையில் அந்த ஒதுக்கீட்டு முறை முறிந்தது. கட்டி வைத்திருந்த சரக்கு சந்தையில் கொட்டியது. சில மாதங்களில் உலக விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. வியாபாரிக்கு விலை இறங்கினால் ஒரு பருவம் நஷ்டம். காபிச் செடி நட்டவருக்கோ அடுத்த ஆண்டு வேறு பயிருக்கு மாற வழி கிடையாது. நட்டுக் காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இந்த வீழ்ச்சிக்குச் சற்று முன்பே, 1988 நவம்பரில், நெதர்லாந்து நாட்டில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியிருந்தது. மெக்சிகோவின் ஒவாஹாகா மாநிலத்து மலைகளில் உள்ள சிறு விவசாயிகள் யூசிரி என்ற கூட்டுறவை அமைத்திருந்தார்கள். அவர்களிடையே பணிபுரிந்த ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியாரும், சாலிடரிடாட் என்ற டச்சு அமைப்பைச் சேர்ந்த நிகோ ரோசன் என்பவரும் சேர்ந்து 'மேக்ஸ் ஹாவலார்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தார்கள். அது 1860-இல் வெளிவந்த ஒரு டச்சு நாவலின் பெயர். அன்று டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவா தீவில் விவசாயிகள் பட்ட கொடுமையைச் சொல்லும் கதை. அந்நாட்டில் படித்தவர் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்பதால் அதையே வைத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய வியாபாரப் பாடம் ஒன்று உண்டு. அதற்கு முன்பும் ஏழை விவசாயியின் காபி என்று சொல்லி விற்ற தனிக் கடைகள் ஐரோப்பாவில் இருந்தன. அங்கே ஏற்கெனவே மனம் இளகியவர்கள் மட்டுமே போவார்கள். சரக்கு அளவு சிறிது. மேக்ஸ் ஹாவலார் செய்தது என்னவென்றால், தனிக் கடை வேண்டாம், சாதாரண மளிகைக் கடையில் மற்றக் காபியின் பக்கத்திலேயே இதையும் வைப்போம், வேற்றுமை தெரிய ஒரு முத்திரை போதும் என்று தீர்மானித்ததுதான். அந்த முத்திரை நம்மைப் போன்ற கடைக்காரரை நம்பிப் பிறந்தது. கடைக்காரர் அதைத் தவறாகச் சொன்னால் ஏற்பாடு முழுவதும் பாழ்.

இப்போது புழங்கும் முக்கிய முத்திரைகள்

ஒன்று: ஃபேர்டிரேட், அதாவது நியாய வணிக முத்திரை. கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையும் கலந்து, கை உயர்த்திய ஆள் போலத் தோன்றும். பல நாட்டு அமைப்புகள் 1997-இல் ஒன்று சேர்ந்து சர்வதேச அமைப்பாயின. இதன் தனிச்சிறப்பு அடிப்படை விலை. காபியைப் பொறுத்தவரை சிறு விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கு மட்டுமே இந்தச் சான்று. கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு ஒரு ராத்தலுக்கு (சுமார் 454 கிராம்) 1.40 டாலர் என்று இருந்த அடிப்படை விலையை 2023 ஆகஸ்டில் 1.80 டாலராக உயர்த்தினார்கள். ரோபஸ்டாவுக்கு 1.20 டாலர். இதற்கு மேல் ராத்தலுக்கு 20 சென்ட் சமூக நிதி. இயற்கை வேளாண்மைக் காபியானால் மேலும் ஒரு தொகை உண்டு.

இரண்டு: ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ். நண்பர் கேட்ட தவளை இதுதான். 1987-இல் அமெரிக்காவில் மழைக்காடுகளைக் காக்க ஏற்பட்ட அமைப்பு. காடு கெட்டால் முதலில் மறையும் உயிர்களில் தவளையும் ஒன்று என்பதால் அந்தப் படம். காட்டை அழிக்காமை, நீர், மருந்துகளில் கட்டுப்பாடு, தொழிலாளர் நலம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். பெரிய தோட்டங்களும் இதில் சேரலாம். ஆனால் காபிக்கு ஃபேர்டிரேட் போல நிர்ணயித்த அடிப்படை விலை இதில் இல்லை. சந்தை விலைக்கு மேல் வாங்குபவர் ஒரு கூடுதல் தொகை தரவேண்டும். எவ்வளவு என்பது பேசி முடிவு செய்வது. 'உட்ஸ்' என்ற மற்றொரு முத்திரை 2018-இல் இதனுடன் இணைந்துவிட்டது.

மூன்று: இயற்கை வேளாண்மை, நாம் 'ஆர்கானிக்' என்று சொல்வது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது என்பதற்கு இது சான்று. காபி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு நம் நாட்டு விதிப்படி மூன்று ஆண்டு மாற்றக் காலம் உண்டு. அதாவது இன்று உரத்தை நிறுத்தினால் நாளை ஆர்கானிக் ஆகிவிடாது. இந்த முத்திரை விலையைப் பற்றியோ கூலியைப் பற்றியோ வாக்குறுதி எதுவும் கொடுப்பதில்லை.

நான்கு: பறவை நேய முத்திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தருவது. ஆர்கானிக் சான்று இருக்க வேண்டும். அதோடு தோட்டத்தில் குறைந்தது 40 சதவீதம் மரநிழல் இருக்க வேண்டும். மிகக் கடுமையான விதி என்பதால் சரக்கும் குறைவு.

இவற்றோடு புவிசார் குறியீட்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குடகு அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபா புதன்கிரி அராபிகா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா, வயநாடு ரோபஸ்டா ஆகிய ஐந்துக்கும் 2019-இல் அந்தக் குறியீடு கிடைத்தது. அது ஊரையும் ஊரின் தனித்தன்மையையும் சொல்லும். விவசாயிக்கு என்ன விலை கிடைத்தது என்பதைச் சொல்லாது.

இதேபோல் அட்டைப்பெட்டியில் ஒரு மரமும் சரிக்குறியும் சேர்ந்தாற்போல் ஒரு முத்திரை இருக்கும். அது அட்டைக்குரிய காகிதம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதற்கான சான்று. உள்ளே இருக்கும் காபிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைக் காட்டி 'காட்டைக் காக்கும் காபி' என்று விற்ற கடையை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. தெரியாமல் சொன்னார். ஆனால் வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடிப்படை விலை எப்படி வேலை செய்கிறது?

இதைக் கணக்காகப் பார்ப்போம். உலகச் சந்தையில் அராபிகா ராத்தல் 1.20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஃபேர்டிரேட் கூட்டுறவுக்கு 1.80 டாலரும் 20 சென்ட் நிதியும் சேர்த்து 2 டாலர் கிடைக்கும். சந்தை 3 டாலருக்கு ஏறினால் அடிப்படை விலை பேச்சில்லை. சந்தை விலை 3 டாலரோடு 20 சென்ட் சேர்த்து 3.20 டாலர். ஆகவே மழைக்காலத்தில் குடைபோல, விலை சரியும்போதுதான் அதன் அருமை தெரியும். 2001-ஆம் ஆண்டு வாக்கில் உலக விலை 50 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போது ஃபேர்டிரேட் கூட்டுறவுகளுக்கு நிதியோடு சேர்த்து 1.26 டாலர் கிடைத்தது. இரண்டு மடங்குக்கும் மேல்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இது கப்பலேற்று விலை. கூட்டுறவு இதிலிருந்து பதப்படுத்தும் செலவு, வண்டி வாடகை, அலுவலகச் செலவு எல்லாம் கழித்துக்கொண்டே உறுப்பினருக்குக் கொடுக்கும். 'விவசாயி கையில் 1.80 டாலர்' என்று சொல்வது தவறு. 20 சென்ட் நிதியும் ஆளுக்காள் பங்கு போடும் காசல்ல. உறுப்பினர்கள் கூடிப் பேசி, உலர்களம், பள்ளிக்கூடம், சாலை என்று செலவிடுவது. அதில் 5 சென்ட்டாவது தரத்தையும் விளைச்சலையும் உயர்த்தவே செலவிட வேண்டும் என்று விதி இருக்கிறது.

சந்தை ஏறும்போது வரும் தொல்லை நம்மவர்களுக்கு உடனே புரியும். 2025 பிப்ரவரியில் அராபிகா ராத்தல் 4 டாலரைத் தாண்டியது. முன்பே பேசிய விலைக்குக் கொடுக்கக் கூட்டுறவு கடமைப்பட்டிருக்க, வெளித் தரகர் தோட்டத்து வாசலிலேயே ரொக்கத்தோடு நின்றால் உறுப்பினர் யாருக்குக் கொடுப்பார்? வாக்கு காப்பாற்றுவது இறங்கும் சந்தையில் வாங்குபவருக்குச் சோதனை, ஏறும் சந்தையில் விற்பவருக்குச் சோதனை. மண்டித் தொழிலில் நாம் காணும் அதே கதைதான்.

மூட்டையும் கணக்கும்

முத்திரை உண்மையாக இருக்க, தோட்டத்திலிருந்து வறுக்கும் இடம் வரை சான்றுபெற்ற மூட்டை தனியாக இருக்க வேண்டும். கூட்டுறவின் கிடங்கிலும், பதப்படுத்தும் ஆலையிலும், கப்பலிலும், வறுவல் ஆலையிலும் அது வேறு சரக்கோடு கலக்கக் கூடாது. ஒவ்வொரு கை மாறும்போதும் காகிதம் மாற வேண்டும். தணிக்கையாளர் வந்தால் பார்ப்பது இதைத்தான்: நூறு மூட்டை சான்றுபெற்ற கொட்டை வாங்கினீர்கள்; வறுக்கும்போது எடை குறையும்; அப்படியிருக்க நூறு மூட்டைக்கு மேல் எப்படி முத்திரையோடு விற்றீர்கள்?

நம் கடையில் சரக்கு இருப்பும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் வரி அதிகாரி கேட்கும் அதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்று நிலத்தின் இருப்பிடக் குறியோடு காட்ட வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிவைக்கப்பட்டாலும், இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாவதால் நம் மலைத் தோட்டக்காரர்கள் இப்போதே கவலையோடு காகிதம் சேர்க்கிறார்கள்.

எங்கள் கையில் பட்ட சூடு

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம்.

2011-ஆம் ஆண்டு ஒரு தரகர் வந்து, மலைத் தோட்டம் ஒன்றின் அராபிகா இருக்கிறது, முழுக்க ஆர்கானிக், கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை என்றார். கொட்டை நன்றாகவே இருந்தது. பல வருடப் பழக்கம். காகிதம் கேட்கவில்லை. 20 மூட்டை எடுத்தோம். எங்களிடம் வாங்கிய 11 கடைகளுக்கும் ஆர்கானிக் என்று சொல்லியே கொடுத்தோம். ஒரு கடைக்காரர் அதைப் பலகையில் எழுதி வாசலில் வைத்தார்.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் சான்றிதழைக் காட்டச் சொன்னார். கடைக்காரர் எங்களைக் கேட்டார். நாங்கள் தரகரைக் கேட்டோம். பத்து நாள் கழித்து ஒரு நகல் வந்தது. தோட்டத்தின் பெயர் சரி. ஆனால் சான்று காலாவதியாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. எங்களுக்கு விற்ற சரக்குக்கென்று தனிப் பரிமாற்றச் சான்று எதுவும் கிடையாது. தோட்டக்காரர் ஒருகாலத்தில் முறையாகச் செய்திருக்கிறார். தணிக்கைச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டார். அதன்பின் மருந்து அடித்தாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம்.

நாங்கள் 11 கடைக்கும் நேரில் போனோம். மீதமிருந்ததைத் திரும்ப எடுத்துச் சாதாரணக் கொட்டையாக விற்றோம். பண நஷ்டம் பெரிதல்ல. பலகை வைத்த கடைக்காரர் எங்கள் எதிரிலேயே அந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தார். "அண்ணாச்சி, நீங்க சொன்னீங்கன்னுதானே எழுதினேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ஆசிரியர் அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. நாங்கள் சொன்ன ஒரு சொல்லுக்கு அவர் விலை கொடுத்தார்.

அன்று உள்நாட்டு விற்பனைக்கு இதில் தெளிவான சட்டம் இல்லை. இன்று இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிகள் 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. பொட்டலத்தில் ஆர்கானிக் என்று போட வேண்டுமானால் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின் சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். இந்தியா சான்றோ வேண்டும். 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பாருங்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் நெறிமுறைகள் வெளியிட்டது. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமையானது' என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்வது இனி வெறும் வாய்ச்சொல் அல்ல, வழக்குக்கு இடம் தரும் சொல்.

முத்திரைகளின் குறைகள்

குறைகளையும் ஒளிக்கக் கூடாது. சான்றுபெற, தணிக்கைக்குப் பணம் கட்ட வேண்டும். ஏட்டுக் கணக்கு வைக்க ஆள் வேண்டும். மிகச் சிறிய விவசாயி குழுவில் சேராவிட்டால் இது அவருக்கு எட்டாது. சான்றுபெற்ற கூட்டுறவுகூடத் தன் விளைச்சல் முழுவதையும் முத்திரை விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் அந்த விலை. மீதி சாதாரணச் சந்தைக்குப் போகும்.

முத்திரைக்காரர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமையும் உண்டு. 2011-இல் அமெரிக்கக் கிளை சர்வதேச அமைப்பிலிருந்து பிரிவதாக அறிவித்து, பெரிய தோட்டங்களுக்கும் சான்று தர முன்வந்தது. ஆகவே 'நியாய வணிகம்' என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு முத்திரைகள் உலகில் உள்ளன. பெயரைக் கேட்டு ஒன்றென்று நினைக்க வேண்டாம். ரெயின்ஃபாரஸ்ட் அமைப்பும் ஒரு காலத்தில் 30 சதவீதம் சான்றுபெற்ற கொட்டை இருந்தாலே, சதவீதத்தை அச்சிட்டுத் தவளையைப் போட்டுக்கொள்ள அனுமதித்தது.

இன்னொன்று. முத்திரை இல்லாத காபி எல்லாம் அநியாயக் காபி என்று பொருளல்ல. நம் நாட்டுக் காபி பெரும்பாலும் பலா, சில்வர் ஓக் போன்ற மரங்களின் நிழலில் விளைகிறது. பிரேசிலில் பல இடங்களில் காண்பதுபோல் திறந்த வெயிலில் அல்ல. நம் விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு நிலக்காரர்கள். இதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம். ஆனால் 'சான்று பெற்றது' என்று சொல்லக் கூடாது. இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் நாணயம்.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. முத்திரையின் பெயரைப் படித்து, மேலே சொன்ன எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். அது காபிக்கா, அட்டைக்கா என்று பாருங்கள். சதவீதம் அச்சிட்டிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2. உதிரிக் கொட்டையை ஆர்கானிக் என்று யாராவது கொடுத்தால், பில்லிலேயே அந்தச் சொல்லை எழுதித் தரச் சொல்லுங்கள். சான்றிதழில் மூன்றைப் பாருங்கள்: பெயர், பயிர், காலாவதித் தேதி. உங்கள் சரக்குக்கு உரிய பரிமாற்றச் சான்றும் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் சாதாரண விலைக்கு வாங்கிச் சாதாரணமாக விற்றுவிடுங்கள்.

3. முத்திரைப் பொட்டலத்தைப் பிரித்து உதிரியாக அந்தப் பெயரில் விற்காதீர்கள். வேறு கொட்டை அரைத்த இயந்திரத்தில் அரைத்துக் கொடுத்தால் அது கலந்ததாகிவிடும். முத்திரையைத் தாமே அச்சடிக்க உரிமம் வேண்டும். தவளைப் படத்தை ஒட்டிக்கொள்வது பிறர் கையெழுத்தைப் போடுவதற்குச் சமம்.

4. முத்திரை சொல்லாததைச் சொல்லாதீர்கள். 'உடம்புக்கு நல்லது', 'சர்க்கரை வியாதிக்கு ஏற்றது', 'ருசி அதிகம்' என்று இவற்றில் எந்த முத்திரையும் உறுதி கூறவில்லை.

5. கொள்முதலை அளவோடு செய்யுங்கள். வறுத்த காபி நாளாக ஆக மணம் இழக்கும். கேட்பவர் நான்கு பேர் என்றால் நான்கு பேருக்கு உரியதை வைத்தால் போதும்.

6. லாபத்தில் நியாயம் வையுங்கள். ஃபேர்டிரேட் நிதி ராத்தலுக்கு 20 சென்ட் என்றால் பச்சைக் கொட்டை கிலோவுக்கு 44 சென்ட். கால் கிலோ வறுத்த காபிக்குச் சுமார் 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், ஒரு கால் கிலோ பொட்டலத்தில் அந்த நிதியின் பங்கு ஏறத்தாழ 11 ரூபாய். பக்கத்துப் பொட்டலத்தைவிட இது 150 ரூபாய் கூடுதலாக விற்றால், அந்த 150-உம் ஏழை விவசாயிக்குப் போகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வது பொய். அடிப்படை விலையும் இயற்கை வேளாண்மைச் செலவும் தரமும் விளம்பரமும் நம் லாபமும் அதில் கலந்திருக்கின்றன.

நம் சொந்த முத்திரை

கடைசியாக, வெளிநாட்டு முத்திரைகளைப் பற்றிப் பேசிய நாம் நம் பொட்டலத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று தெளிவாக அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். சிக்கரி கலப்பது குற்றமல்ல. நம் மக்களில் பலர் அந்தக் கெட்டியையும் நிறத்தையும் விரும்பியே கேட்கிறார்கள். ஆனால் 60-க்கு 40 என்று அச்சிட்டு 50-க்கு 50 போடுவதும், சதவீதத்தை மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளிப்பதும் நடக்கிறது. மெக்சிகோவின் மலையில் விவசாயி என்ன வாங்கினார் என்பதற்குச் சான்று கேட்கும் காலம் இது. நம் கடை அரைவையில் என்ன போட்டோம் என்பதை மறைத்தால் யார் நம்மை மன்னிப்பார்கள்?

தவளை கேட்டு வந்த அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது என்று நண்பர் மீண்டும் கேட்டார். "எங்களிடம் அந்த முத்திரை இல்லை அம்மா. இது இன்ன மலைக் கொட்டை, இத்தனை பங்கு சிக்கரி. வேண்டுமானால் சிக்கரி இல்லாமல் அரைத்துத் தருகிறோம்" என்று சொல்லுங்கள் என்றோம். அவர் அப்படியே சொன்னாராம். அந்த அம்மா சிக்கரி இல்லாமல் கால் கிலோ வாங்கிப் போனார்கள். மறு வாரமும் வந்தார்கள்.

உள்ளதை உள்ளபடி சொன்னதற்கு நண்பருக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார். அவர் அதற்குத் தணிக்கைக் கட்டணமும் கட்டவில்லை, எவரிடமும் உரிமமும் வாங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அவ்வளவுதான். நம் சங்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் அந்த வியாபாரம் தழைக்க வாழ்த்துகிறோம்.